பூமி எப்படிப் பிறந்தது, அதை எப்படி அளந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியின் வயது, எடை, சுற்றளவு எல்லாம் பள்ளியில் படித்த எண்கள்தான். ஆனால் ஓர் எண் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால்தான் அது மனத்தில் நிற்கும். அதனால் கீழே உள்ள விடைகளில் எண்ணோடு அதை அளந்த வழியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

பூமியின் வயது என்ன?

சுமார் 454 கோடி ஆண்டுகள். இதில் 5 கோடி ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம், அதாவது பிழை ஏறக்குறைய 1 சதவீதம்.

சில இடங்களில் 456.7 கோடி என்று ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது சூரியக் குடும்பத்தில் முதன்முதலாகக் கெட்டியான துகள்களின் வயது. அந்தத் துகள்கள் சேர்ந்து சேர்ந்து பூமி என்ற அளவுக்கு வளரச் சில கோடி ஆண்டுகள் பிடித்தன. எந்த நாளைப் பிறந்தநாளாகக் கொள்வது என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். இரண்டுமே சரியான எண்கள்தான்.

பூமியின் வயதைப் பூமியிலுள்ள பாறையை வைத்தே கணக்கிடலாமே, விண்கல் எதற்கு?

பூமி தன் முதல் பாறைகளைத் தானே அழித்துவிட்டது. தொடக்கத்தில் மேற்பரப்பு உருகிக் கிடந்தது. பிறகு உறைந்த மேலோடும் புவித்தட்டுகளின் நகர்வில் உள்ளே இழுக்கப்பட்டு மீண்டும் உருகியது, மழையிலும் காற்றிலும் கரைந்தது. கனடாவின் வடமேற்கில் உள்ள அகாஸ்டா நைஸ் பாறைக்கு வயது சுமார் 400 கோடி ஆண்டுகள். இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் மிகப் பழைய பாறைகளில் அது ஒன்று.

பாறையை விட்டுத் தனிப் படிகத்துக்கு வந்தால் இன்னும் பின்னால் போகலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் கிடைத்த, சிர்கான் என்ற கனிமத்தின் ஒரு படிகத்தின் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அது முதலில் பிறந்த பாறை எப்போதோ அழிந்துவிட்டது. படிகம் மட்டும் அடித்துவரப்பட்டு, அதைவிட 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் இளைய படிவுப் பாறைக்குள் ஒளிந்திருந்தது. கையில் இருப்பதில் பழையது அதுதான். அதற்கு முந்தைய காலத்துக்குப் பூமியில் சாட்சி இல்லை. உருகாமலும் புதையாமலும் அன்று இருந்தபடியே மிச்சமிருக்கும் சாட்சிகள் விண்கற்கள்தாம்.

விண்கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டுகள் ஆகும், அது கடைசியில் ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70.4 கோடி ஆண்டுகள் போதும், அது ஈயம்-207 ஆகிறது. ஈயம்-204 எதிலிருந்தும் புதிதாகப் பிறப்பதில்லை. அன்று இருந்த அளவே இன்றும் இருக்கிறது என்பதால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

விண்கல் துண்டின் வெளிப்புறத்தை நீக்கிவிட்டு உட்பகுதியை அமிலத்தில் கரைப்பார்கள். கரைசலிலிருந்து ஈயத்தை மட்டும் பிரித்து, அணுக்களை அவற்றின் நிறைப்படி பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் வைத்து மூன்று வகை ஈயத்தின் விகிதங்களை அளப்பார்கள். ஒரே நேரத்தில் பிறந்த பல விண்கற்களின் விகிதங்களை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டின் சாய்வு வயதைச் சொல்லிவிடும்.

தொடக்கத்தில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று தெரிய வேண்டுமே? அதற்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. இரும்பு விண்கற்களில் டிராய்லைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் உண்டு. அதில் யுரேனியம் அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே பிறந்த அன்றைய ஈயம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயப்ளோ விண்கல்லின் டிராய்லைட்டை வைத்துத்தான் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 455 கோடி என்ற விடையை எட்டி, 1956-இல் வெளியிட்டார். கடலடி வண்டலில் உள்ள ஈயமும் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தது. பூமியும் விண்கற்களும் ஒரே வயதுக்காரர்கள் என்று சொல்ல அது இடம் கொடுத்தது.

இந்த அளவீட்டைக் கெடுப்பது வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஈயம். மாதிரியில் இருப்பது மிகச் சொற்பம். தூசி, வண்ணப்பூச்சு, தோல், அன்றைய பெட்ரோல் புகை எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது. பேட்டர்சனின் முதல் அளவீடுகள் பல மடங்கு கூடுதலாக வந்தன. காற்றை வடிகட்டி, பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்து, தூசி புகாத ஆய்வுக்கூடத்தை அமைத்த பிறகுதான் எண்கள் நிலைத்தன. அந்த அனுபவம்தான் பெட்ரோலில் ஈயம் சேர்ப்பதை எதிர்த்து அவரைப் போராட வைத்தது.

சிர்கானில் வேறொரு சிக்கல். கதிரியக்கத்தால் படிகம் உள்ளுக்குள் சேதமாகும், சேதமான இடத்தின் வழியாக ஈயம் கசிந்து வெளியேறும். அப்போது இரண்டு யுரேனியக் கடிகாரங்களும் வெவ்வேறு வயது காட்டும். அந்த முரண்பாடே எச்சரிக்கை மணி. படிகத்தைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் சேதமான பகுதியைக் கரைத்தெடுத்துவிட்டு, மிச்சத்தை அளந்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

19-ஆம் நூற்றாண்டில் பூமியின் வயது சில கோடி ஆண்டுகள்தான் என்றார்களே, அந்தக் கணக்கு எங்கே தவறியது?

கெல்வின் பிரபு 1862-இல் செய்த கணக்கு அது. உருகிய உருண்டை ஒன்று இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று பார்த்தார். 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே வந்தது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. பூமி முழுக்கக் கெட்டியான பாறை, வெப்பம் கடத்தலால் மட்டும் வெளியேறுகிறது என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. உண்மையில் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசப் பாறை, கெட்டியாக இருந்தாலும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது. 1895-இலேயே ஜான் பெரி இதைச் சுட்டிக்காட்டினார், அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதிரியக்கம் தரும் வெப்பமும் கெல்வினின் கணக்கில் இல்லை. ஆனால் பலரும் நினைப்பதுபோல் அது முக்கியக் காரணம் இல்லை, பெரி சொன்னதுதான் பெரிய ஓட்டை.

பூமி எப்படி உருவானது?

விண்வெளியில் வாயுவும் தூசியும் கலந்த ஒரு மேகம் தன் ஈர்ப்பால் தானே சுருங்கியது. அதில் 98 சதவீதம் ஹைட்ரஜனும் ஹீலியமும். சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகம் கூடியது. நடுவில் சூரியன் திரண்டது, சுற்றிலும் தட்டையான வட்டு உருவானது. இன்று சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியனிடம்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் மிச்சத்தில் ஒரு சிறு துளி.

வட்டின் உட்பகுதி சூடாக இருந்ததால் அங்கே இரும்பும் பாறைக் கனிமங்களும் மட்டுமே திடமாகத் தங்க முடிந்தது. தண்ணீர் ஆவியாகவே இருந்தது. முதலில் கெட்டியானவற்றை இன்றும் கண்ணால் பார்க்கலாம். 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லை அறுத்தால் கருஞ்சாம்பல் பரப்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு, சில சென்டிமீட்டர் வரை. கால்சியமும் அலுமினியமும் நிறைந்த அந்தத் திட்டுகளைப் போன்றவைதான் 456.7 கோடி ஆண்டு வயதுள்ள துகள்கள்.

தூசி தூசியோடு ஒட்டி மில்லிமீட்டர், சென்டிமீட்டர் உருண்டைகளாவது வரை சிக்கல் இல்லை. அதற்குமேல் மோதினால் ஒட்டாமல் எகிறும், அல்லது உடையும். மீட்டர் அளவுக் கல்லுக்கு இன்னொரு ஆபத்து. வட்டின் வாயு, கல்லைவிடச் சற்று மெதுவாகச் சூரியனைச் சுற்றுகிறது. அதனால் கல்லுக்கு எப்போதும் எதிர்க்காற்று. வேகம் குறைந்து, நூறு ஆண்டுகள் என்ற கணக்கில் சூரியனை நோக்கிச் சரிந்துவிடும். அப்படியானால் கோள்களே பிறந்திருக்கக் கூடாதே? இதற்கு இன்று முன்வைக்கப்படும் விடை இது: கற்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எதிர்க்காற்று குறைகிறது. குறைந்த இடத்தில் மேலும் கற்கள் வந்து சேர்கின்றன. கூட்டம் போதுமான அளவு அடர்ந்ததும் தன் ஈர்ப்பிலேயே சரிந்து, மீட்டர் நிலையைத் தாண்டி நேரடியாகப் பல கிலோமீட்டர் அளவுள்ள கோள்துண்டுகளாகிவிடுகிறது.

அதன் பிறகு ஈர்ப்பின் ஆட்சி. பெரியது சிறியதை விழுங்கி, நிலா அளவிலிருந்து செவ்வாய் அளவு வரை பல கோள் கருக்கள் வளர்ந்தன. வாயு சில 10 லட்சம் ஆண்டுகளில் கலைந்துபோனது. மிஞ்சிய கருக்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்தன. பூமி முழு அளவை எட்ட 3 கோடி முதல் 10 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இரும்பு ஏன் பூமியின் நடுவில் போய்ச் சேர்ந்தது?

மோதல்களின் வெப்பத்தில் பூமி உருகியது. உருகிய நிலையில் கனமான இரும்பு கீழே இறங்கி, இலேசான பாறைக் குழம்பு மேலே மிதந்தது. இறங்கும் இரும்பு மேலும் வெப்பத்தை வெளியிட்டதால் உருகுதல் வேகமெடுத்தது.

மொத்தப் பூமியில் இரும்பு சுமார் 32 சதவீதம், ஆனால் மேலோட்டில் 5 சதவீதத்தைச் சுற்றித்தான். மேலோட்டில் ஆக்சிஜன் 46, சிலிக்கான் 28 சதவீதம். தங்கம், பிளாட்டினம் போன்ற இரும்போடு சேர விரும்பும் தனிமங்களும் பெரும்பாலும் பூமியின் நடுவே திரண்ட இரும்புக் கருவத்துக்குள் போய்விட்டன. சுரங்கங்களில் நாம் எடுக்கும் தங்கத்தில் பெரும்பகுதி, கருவம் பிரிந்த பிறகு கடைசியாக வந்து விழுந்த விண்கற்களின் கொடை என்பதே பரவலான கருத்து.

நிலா எப்படி வந்தது?

செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் கரு பூமியில் சாய்வாக மோதியது. அதற்குத் தேயா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிதறியெழுந்த பொருள் பூமியைச் சுற்றிவந்து நிலாவாகத் திரண்டது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ நிலாக் கற்களும் மண்ணும்தான் இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தன. அவற்றில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) விகிதம் பூமியுடையதோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்துகிறது. நிலாவின் இரும்புக் கருவமோ மிகச் சிறியது. மோதலில் சிதறியது பெரும்பாலும் பாறைப் பகுதி என்றால் இப்படித்தான் இருக்கும். ஆனால் தேயாவின் பொருள் ஏன் தனித்துத் தெரியவில்லை என்பதற்கு முழு விடை இன்னும் எட்டப்படவில்லை.

பூமிக்குள் யாரும் போனதில்லையே, உள்ளே இருப்பது எப்படித் தெரியும்?

துளைத்துப் பார்த்தது மிகக் கொஞ்சம். ரஷ்யாவின் கோலா துளை 1989-இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் எதிர்பார்த்த 100 டிகிரிக்குப் பதிலாக 180 டிகிரி. பாறை இளகி நடந்துகொண்டதால் இன்னும் ஆழமாகப் போக முடியவில்லை. மையம் வரை உள்ள 6,371 கிலோமீட்டரில் அது 500-இல் ஒரு பங்குதான்.

மற்றதெல்லாம் நிலநடுக்க அலைகள் சொன்ன செய்தி. பி அலை பொருளை அழுத்தித் தளர்த்திச் செல்வது, திடத்திலும் திரவத்திலும் போகும். எஸ் அலை பக்கவாட்டில் உலுக்குவது, திரவத்தில் போகாது. ஒரு பெரிய நிலநடுக்கம் நடந்தால், அது நடந்த இடத்திலிருந்து, பூமியின் மையத்தில் அளக்கும் கோணத்தில் 104 டிகிரிக்கு அப்பால் உள்ள நிலையங்களில் நேரடி எஸ் அலை வருவதே இல்லை. வழியில் திரவம் இருக்கிறது என்று அர்த்தம். சுமார் 104 முதல் 140 டிகிரி வரை நேரடி பி அலையும் வராது, திரவக் கருவத்தின் விளிம்பில் அது வளைந்து வேறு பக்கம் போய்விடுகிறது. ஆனால் அந்த நிழல் பகுதியிலும் மெல்லிய பி அலைகள் பதிவாயின. திரவத்துக்குள் ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்பினால்தான் அது நடக்கும் என்று டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) 1936-இல் காட்டினார். திட உட்கருவம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இப்படிக் கிடைத்த அடுக்குகள்: மேலோடு கடலுக்கடியில் சுமார் 7 கி.மீ., கண்டங்களில் 30 முதல் 50 கி.மீ., இமயமலைக்கடியில் ஏறக்குறைய 70 கி.மீ. அதன்கீழ் 2,890 கி.மீ. ஆழம் வரை கவசம். பிறகு 5,150 கி.மீ. வரை திரவ வெளிக்கருவம். கடைசியாக 1,220 கி.மீ. ஆரமுள்ள உட்கருவம். உட்கருவம் 5,000 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் திடமாக இருப்பதற்குக் காரணம் அழுத்தம். மையத்தில் அது நம் தலைக்குமேல் உள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 36 லட்சம் மடங்கு.

கவசம் என்றால் எரிமலைக் குழம்புக் கடலா?

இல்லை. எஸ் அலை கவசத்துக்குள் தாராளமாகப் போகிறது, எனவே அது திடம். எரிமலைக் குழம்பு, அழுத்தம் குறையும் இடத்திலும் நீர் கலக்கும் இடத்திலும் கவசத்தின் மேற்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக உருகி வருவது.

பூமியின் எடையை எப்படிப் போட்டார்கள்?

ஈர்ப்பு மாறிலி தெரிந்தால் போதும். புவியீர்ப்பு முடுக்கத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். 9.8 × 63,71,000 × 63,71,000 ÷ (6.674 × 10⁻¹¹) என்று போட்டால் சுமார் 5.96 × 10²⁴ கிலோ வரும். ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 5.97 × 10²⁴. கன அளவால் வகுத்தால் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.5 மடங்கு. காலடியில் கிடக்கும் கருங்கல்லின் அடர்த்தி 2.7 மடங்குதான். உள்ளே மிகக் கனமான ஏதோ இருக்கிறது என்பது 1798-இல் கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்துச் செய்த சோதனையிலேயே தெரிந்துவிட்டது.

கடல் நீர் எங்கிருந்து வந்தது?

நீலக்கோள் என்கிறோம், ஆனால் கடல்களின் மொத்த நிறை பூமியின் நிறையில் 0.023 சதவீதம். பூமி 10,000 கிலோ என்றால் கடல் 2.3 கிலோ. இந்தச் சிறு அளவுக்கு, நீரைக் கனிமங்களுக்குள் பிடித்துவைத்திருந்த விண்கற்களே போதும்.

நீரின் ஊரைக் கண்டுபிடிக்க அதிலுள்ள கன ஹைட்ரஜனை எண்ணுகிறார்கள். கடல் நீரில் 10,000 சாதாரண ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 1.56 கன ஹைட்ரஜன் அணுக்கள். கரிமம் நிறைந்த விண்கற்களில் விகிதம் இதையொட்டி வருகிறது. 2014-இல் ரோசெட்டா விண்கலம் 67பி வால்நட்சத்திரத்தில் அளந்தபோது மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஹார்ட்லி-2 போன்ற சில வால்நட்சத்திரங்களில் பூமியை ஒத்து இருக்கிறது. ஆகவே பெரும்பங்கு விண்கற்களிலிருந்தும் பூமியைக் கட்டிய பாறைகளிலிருந்தும் வந்தது, வால்நட்சத்திரங்களின் பங்கு குறைவு என்பதே இப்போதைக்கு நியாயமான முடிவு.

காற்று தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா?

இன்று நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93 சதவீதம். முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு ஆக்சிஜன் காற்றில் இல்லை என்றே சொல்லலாம். சயனோபாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கையில் வெளியிட்டதைக் கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் பிடித்துக்கொண்டன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மிச்சம் காற்றில் தேங்கத் தொடங்கியது. சிவப்பும் கறுப்புமாக வரிவரியாகத் தெரியும் பழைய இரும்புத் தாதுப் படிவுகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தை ஒட்டியவை.

ஆர்கானின் கதை எங்களுக்குப் பிடித்தது. அதில் அநேகமாக முழுவதும் ஆர்கான்-40. பாறையிலுள்ள பொட்டாசியம்-40 சிதைந்து பிறந்து, எரிமலை வழியாக வெளியேறியது. ஒவ்வொரு மூச்சிலும் பூமியின் உள்ளிருந்து வந்த வாயு கொஞ்சம் இருக்கிறது.

சூரியனுக்கு அருகில் வரும்போதுதானே கோடைக்காலம்?

இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.71 கோடி கி.மீ. தொலைவில் வருவது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தொலைவில், 15.21 கோடி கி.மீ. போவது ஜூலை தொடக்கத்தில். வட அரைக்கோளத்தின் கோடை அப்போதுதான். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.4 டிகிரிச் சாய்வு.

ஒரு சுற்றுக்குச் சரியாக 24 மணி நேரமா?

நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அதற்குள் பூமி தன் பாதையிலும் நகர்ந்துவிடுவதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வர இன்னும் 4 நிமிடம் சுழல வேண்டும். நிலாவின் ஓதங்கள் சுழற்சியை மெல்லத் தடுக்கின்றன, நிலாவும் ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுப் பழமையான பவளப் புதைபடிவங்களில் ஜான் வெல்ஸ் 1963-இல் வளர்ச்சி வரிகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 நாள் வரிகள் இருந்தன. அன்றைய நாள் 22 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

பூமி சரியான உருண்டையா?

நடுவில் சற்றுப் புடைத்தது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் கடல்மட்டத்திலிருந்து உயரம் எவரெஸ்ட்டுக்கு அதிகம் என்றாலும், பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள சிகரம் ஈக்வடாரின் சிம்போராசோ.

சுற்றளவை நாமே அளக்க முடியுமா?

முடியும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் செய்த முறைதான். வடக்கு தெற்காகச் சுமார் 500 கி.மீ. இடைவெளியுள்ள இரண்டு ஊர்களில் இருவர், ஒரே நாளில், 1 மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு, அன்றைய மிகக் குறுகிய நிழலை அளக்க வேண்டும். நிழலின் நீளத்தைக் கோலின் நீளத்தால் வகுத்து, டேன் மதிப்பிலிருந்து கோணத்தை எடுக்கலாம். ஓர் இடத்தில் நிழல் 21.3 செ.மீ. என்றால் கோணம் 12 டிகிரி, மற்ற இடத்தில் 29.6 செ.மீ. என்றால் 16.5 டிகிரி. வேறுபாடு 4.5 டிகிரி. முழு வட்டத்தில் இது 80 முறை அடங்கும். 80 × 500 = 40,000 கி.மீ. துருவங்கள் வழியாக உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ.

தவறு நேரும் இடங்கள் நான்கு. கோல் 1 டிகிரி சாய்ந்தாலே விடை 20 சதவீதத்துக்கு மேல் பிசகிவிடும், எனவே தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். கடிகாரத்தின் 12 மணியை நம்பக் கூடாது. நண்பகலுக்கு அரை மணி முன்பிருந்தே 2 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்துவந்து மிகக் குறுகியதை எடுங்கள். இரண்டு ஊர்களும் ஒரே தீர்க்கரேகையில் இல்லையென்றால், சாலைத் தூரத்தையோ நேர்த்தூரத்தையோ எடுக்காமல் வடக்கு தெற்குத் தூரத்தை மட்டும் வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். ஒரு ஊரில் நிழல் வடக்கேயும் மற்றதில் தெற்கேயும் விழுந்தால் கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

நிழல் நுனி 1 செ.மீ. அகலத்துக்கு மங்கலாகத் தெரிவது அளப்பவரின் குறை இல்லை, வானில் சூரியனின் அகலமே அரை டிகிரி. கோலின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டினால் தரையில் ஒரு சிறு ஒளிவட்டம் விழும். அதன் நடுப்புள்ளியைக் குறித்து, தரையிலிருந்து துளை வரை உள்ள உயரத்தைக் கோலின் நீளமாக எடுத்துக்கொண்டால் பிழை 1, 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.